நரம்பு கிடைக்காத கைகள்

"சிஸ்டர், இந்தக் கையிலே இனிமேல் கிடைக்காது. இடது காலிலே பாருங்க. அங்கே ஒண்ணு மிச்சம் இருக்கு."

இப்படிச் சொன்னது டாக்டர் அல்ல. கட்டிலில் படுத்திருந்த 13 வயதுச் சிறுமி.

இரவு மணி 11. மும்பையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டு. வலது கையில் மூன்று குத்து, இடது கையில் இரண்டு குத்து ஆகிவிட்டன. ஊசி உள்ளே போகிறது, ரத்தம் வரவில்லை. வந்தாலும் மருந்து ஏறத் தொடங்கியதும் அந்த இடம் வீங்கிவிடுகிறது. நாகர்கோவில் பக்கத்து நர்ஸ் ஒருவர், "கொஞ்சம் பொறுத்துக்கோ மக்ளே" என்று சொல்லிச் சொல்லிப் புறங்கையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

சிறுமி அழவில்லை. வெளியே நின்ற அவளுடைய தந்தைதான் அழுதார்.

அவர் ரெயில்வே பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. என்னைவிட மூத்தவர். நெல்லைச் சீமைக்காரர். நான் 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவேன். கல்யாண் ரெயில்வே குவார்ட்டர்சில் எங்களுக்கு அடுத்த வீடு. அன்று இரவு அவருக்குத் துணையாகப் போயிருந்தேன்.

அந்தப் பெண்ணின் கைகளை அன்றுதான் நன்றாகப் பார்த்தேன். எங்கும் பிளாஸ்திரி, நீலம் பாய்ந்த திட்டு, பழைய ஊசித் தழும்பு. அவள் வயதுப் பெண்கள் தீபாவளிக்குக் கைநிறைய மருதாணி வைப்பார்கள். இவள் இரண்டு ஆண்டாக வைக்கவில்லையாம். வைக்க இடம் இல்லை.

முத்தமிட்டால் உப்பு

அவளுக்கு வந்திருக்கும் நோயின் பெயர் சிஸ்டிக் பைப்ரோசிஸ். தொற்று நோய் அல்ல. பிறவியிலேயே வருவது.

நம் உடம்பில் உப்பும் நீரும் சரியான அளவில் போய்வர ஒரு மரபணு காவல் காக்கிறது. அது பழுதானால் நுரையீரலில் ஊறும் சளி பசைபோல் கெட்டியாகிவிடும். கணையத்தின் வழியும் அடைபடும். தின்ற சோறு உடம்பில் ஒட்டாது. வேர்வையில் மட்டும் உப்பு அளவுக்கு மீறி இருக்கும்.

"பிள்ளைக்கு முத்தம் கொடுத்தா வாய் உப்புக் கரிக்குது" என்று மதினி அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே சொன்னாராம். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "மும்பைப் புழுக்கத்துக்கு வேர்க்கத்தானே செய்யும்" என்றார்கள்.

ஓயாத இருமலுக்கு முதலில் காசநோய் மருந்து. பிறகு ஆஸ்துமா மருந்து. ஆறாவது வயதில்தான் ஒரு டாக்டர் வேர்வையைச் சோதிக்கச் சொன்னார். முன்கையில் மருந்து தடவி, வலி தெரியாத அளவு மின்சாரம் செலுத்தி, வரும் வேர்வையைப் பிடித்துச் சோதிக்கிறார்கள். அதில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலும் அதற்கு மேலும் இருந்தால் இந்த நோய் என்று கொள்கிறார்கள்.

1938-ம் ஆண்டில் நியூயார்க் நகரத்து டாக்டர் டோரதி ஆண்டர்சன் என்ற பெண்மணி இதைத் தனி நோயாக எழுதிவைத்தார். 1948-ம் ஆண்டு அந்த நகரில் கடும் வெயில். இந்த நோய் உள்ள குழந்தைகள் துவண்டு விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அதைக் கண்ட டாக்டர் டி சான்ட் ஆக்னீஸ், வேர்வையில் போகும் உப்பே காரணம் என்று 1953-ம் ஆண்டில் வெளியிட்டார். பழுதான மரபணு 1989-ம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டது.

வெள்ளைக்காரர்களுக்குத்தான் இந்த நோய் வரும் என்று நெடுங்காலம் நம் நாட்டில் நினைத்திருந்தார்கள். அது தவறு. டெல்லி எய்ம்ஸ், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இந்த நோய்க்கென்றே தனிக் கவனம் செலுத்துகிறார்கள்.

தாய், தந்தை இருவரிடமும் பழுதான மரபணு ஒன்று மறைந்திருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. பெற்றவர்களுக்கு எந்தத் தொல்லையும் தெரியாது. சொந்தத்தில் மணம் முடித்தால் இரண்டு பக்கமும் ஒரே பழுது சேர வாய்ப்பு கூடுதல். அண்ணாச்சி கட்டியிருப்பது சொந்த அக்காள் மகளை. "நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்று மதினி கேட்டபோது டாக்டர் சொன்னார்: "இதில் பாவமும் இல்லை. யார் மீதும் குற்றமும் இல்லை."

56 டோஸ்

கெட்டிச் சளியில் கிருமி குடியேறும். அதில் பொல்லாதது சூடோமோனாஸ் என்ற கிருமி. நோய் முற்றும்போது மாத்திரை மட்டும் போதாமல் போகும். ரத்தக் குழாய் வழியாக மருந்து ஏற்ற வேண்டிவரும். பெரும்பாலும் 14 நாள். ஒரே மருந்துக்குக் கிருமி பழகிவிடாமல் இருக்க, பொதுவாக இரண்டு மருந்தாகக் கொடுக்கிறார்கள்.

இந்தப் பெண்ணுக்குச் செப்டாசிடைம் தினம் மூன்று வேளை. டோப்ராமைசின் தினம் ஒரு வேளை. ஒரு நாளைக்கு 4 டோஸ். 14 நாளுக்கு 56 டோஸ்.

கையில் குத்தும் சிறிய பிளாஸ்டிக் ஊசிக்குழாயைக் கேனுலா என்கிறார்கள். அது மூன்று, நான்கு நாள் தாங்கினால் பெரிது.

அண்ணாச்சியும் நானும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மூன்று நாளுக்கு ஒன்று என்றால் 14 நாளுக்கு 5 கேனுலா. ஆண்டுக்கு மூன்று தடவை இப்படி என்றால் 15. பத்து ஆண்டில் 150. தவறிய குத்துகள் இதில் சேரவில்லை.

நாம் 'நரம்பு' என்று பேச்சில் சொல்வது உண்மையில் ரத்தக் குழாய். காரமான மருந்து திரும்பத் திரும்ப ஏறினால் அது புண்ணாகி, சுருங்கி, கயிறுபோல் இறுகிவிடும். இறுகியதைப் பழையபடி ஆக்குவது கடினம். பாஸ்புக்கில் எடுத்துக்கொண்டே இருந்து, போடாமலே இருந்தால் என்ன ஆகும்? அதுதான் அந்தக் கைகளில் நடந்தது.

மறுநாள் காலை டாக்டர் அம்மா, அண்ணாச்சியையும் மதினியையும் உட்காரவைத்துப் பேசினார். "இந்தப் பேச்சை இரண்டு வருஷத்துக்கு முன்பே பேசியிருக்க வேண்டும். கடைசி நரம்பு போகும்வரை யாரும் காத்திருக்கக் கூடாது" என்றார்.

நாலு வழி

அவர் சொன்ன வழிகள் நான்கு.

முதலாவது, இப்போது செய்துவருகிற கேனுலா. செலவு குறைவு. எந்த ஆஸ்பத்திரியிலும் போடுவார்கள். எப்போதாவது ஒரு தடவை மருந்து ஏற்றுகிறவர்களுக்கு, நல்ல நரம்பு உள்ளவர்களுக்கு இதுவே போதும்.

இரண்டாவது, மிட்லைன். மேல்கையில் ஒரு ரத்தக் குழாயில் செலுத்தும் மெல்லிய டியூப். சுமார் 20 சென்டிமீட்டர் வரை நீளம். நுனி அக்குள் அருகே நின்றுவிடும், நெஞ்சுக்குள் போகாது. 14 நாள் மருந்தை ஒரே டியூபில் முடித்துவிட வாய்ப்பு உண்டு. ஆனால் ரத்தக் குழாயை எரிக்கும் சில மருந்துகளை இதில் நெடுநாள் ஏற்ற முடியாது. எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைப்பதும் இல்லை.

மூன்றாவது, பிக் லைன். இதுவும் மேல்கையில்தான் நுழையும். ஆனால் நீளமானது. ஸ்கேன் பார்த்துக்கொண்டே செலுத்துவார்கள். நுனி இதயத்துக்குச் சற்று மேலே, பெரிய ரத்தக் குழாயில் போய் நிற்கும். அங்கே ரத்தம் ஆறுபோல் ஓடுவதால் மருந்து உடனே கரைந்துவிடும், குழாயை எரிக்காது. சில வாரம், சில மாதம்கூட இருக்கலாம்.

நான்காவது, போர்ட். ஆபரேஷன் செய்து தோலுக்கு அடியில் வைப்பது.

வெளியே டியூப் தொங்கும் ஹிக்மேன் வகையும் உண்டு. அது இந்த நோயாளிகளுக்கு அதிகம் பொருந்துவதில்லை என்று டாக்டர் அதை விட்டுவிட்டார்.

தன் கையிலேயே சோதனை

கையில் நுழைத்த டியூப் இதயம்வரை போகுமா என்று நமக்குப் பயமாக இருக்கிறது. இந்தப் பயம் ஒரு காலத்தில் டாக்டர்களுக்கே இருந்தது.

1929-ம் ஆண்டு ஜெர்மனியில் எபர்ஸ்வால்டே என்ற ஊரில் வெர்னர் போர்ஸ்மன் என்ற இளம் டாக்டர், மேலதிகாரி வேண்டாம் என்று தடுத்தும் கேட்கவில்லை. தன் கை ரத்தக் குழாயைத் தானே திறந்து, 65 சென்டிமீட்டர் டியூபை உள்ளே தள்ளினார். டியூப் கையில் இருக்கும்போதே எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய்ப் படம் எடுத்தார். நுனி இதயத்துக்குள் இருந்தது. மனிதர் சாகவில்லை. 1956-ம் ஆண்டில் இன்னும் இருவரோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இன்று ஆஸ்பத்திரிகளில் அன்றாடம் போடும் பிக் லைனுக்கு இதுதான் தொடக்கம்.

தோலுக்குள் ஒரு டப்பா

போர்ட் 1980-களின் தொடக்கத்தில், முதலில் புற்றுநோய்க்காரர்களுக்காக வந்தது. பெரிய நாணய அகலத்தில் ஒரு சிறு டப்பா. டைட்டானியம் அல்லது பிளாஸ்டிக். அதன் மேல்மூடி சிலிக்கோன் ரப்பர். அதிலிருந்து ஒரு டியூப் இதயத்துக்கு அருகே போகிறது. டப்பாவை நெஞ்சுத் தோலுக்கு அடியில் புதைத்துத் தைத்துவிடுவார்கள். வெளியே எதுவும் தெரியாது. சிறு மேடு மட்டும் தெரியும்.

மருந்து ஏற்ற வேண்டிய நாளில் தோல் வழியாக அந்த மூடியில் ஊசி குத்துவார்கள். முன்பே மரத்துப்போகும் களிம்பு தடவினால் வலி குறையும். ஆனால் சாதா ஊசி கூடாது. ஹியூபர் ஊசி என்று தனியாக இருக்கிறது. சாதா ஊசி ரப்பரைத் தோண்டி ஓட்டையாக்கிவிடும். ஹியூபர் ஊசி ரப்பரை விலக்கிக்கொண்டு மட்டும் போகும். அதில் குத்தினால் ஆயிரம் தடவைக்கு மேல் மூடி தாங்கும்.

ஊசியை எடுத்துவிட்டால் குளிக்கலாம், நீந்தலாம், பள்ளிக்கூடம் போகலாம்.

ஆனால் சும்மா விட்டுவிட முடியாது. மருந்து ஏற்றாத மாதங்களிலும் டியூபில் ரத்தம் உறையாமல் மருந்து நீர் விட்டுக் கழுவ வேண்டும். இதை 'ப்ளஷ்' என்கிறார்கள். நாலு வாரத்துக்கு ஒரு தடவை என்பது வழக்கம். சில இடங்களில் இந்த இடைவெளியை நீட்டியும் இருக்கிறார்கள். எத்தனை நாள் என்பதை அவரவர் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கெடுதலும் உண்டு. கிருமி புகலாம். ரத்தம் உறையலாம். கிருமி புகுந்தால் பெரும்பாலும் டப்பாவையே எடுக்க நேரும். பொருத்தும்போது நுரையீரலில் குத்திவிட்டால் காற்று கசியும். இந்த நோயாளிக்கு அது ஆபத்து. ஆகவே ஸ்கேன் பார்த்துச் செய்யும் பழகிய கை வேண்டும்.

ஆச்சியின் கவலை

அன்று மாலை வீட்டில் பேச்சு நடந்தது. அண்ணாச்சிக்குப் போர்ட்டே சரி என்று பட்டது. ஊரிலிருந்து வந்திருந்த ஆச்சி ஒத்துக்கொள்ளவில்லை.

"கல்யாணம் ஆகவேண்டிய பொம்பளைப் பிள்ளை. நெஞ்சிலே கத்தி வைக்கவா? நாளைக்கு எவன் கட்டுவான்?" என்றார்.

யாரும் பதில் பேசவில்லை.

டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "நியாயமான கேள்விதான். பெண் பிள்ளைகளுக்கு விலாப்பக்கமாக, உள்ளாடைக்குள் மறையும்படி வைக்கலாம். ஆனால் இப்போது காய்ச்சலும் கிருமியும் இருக்கிறது. இந்த நேரத்தில் போர்ட் வேண்டாம். இந்தத் தடவை பிக் லைன் போடுவோம். உடம்பு தேறியபிறகு முடிவு செய்யுங்கள்" என்றார்.

சிறுமி கேட்டது ஒரே கேள்வி: "எந்தக் கை டாக்டர்? நான் வலது கையாலே எழுதுவேன்."

இடது மேல்கையில் பிக் லைன் போட்டார்கள். ஒரே குத்து. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மருந்து ஏற்ற மதினி நர்சிடம் பழகிக்கொண்டார். கை கழுவுவது, மூடியை ஸ்பிரிட் பஞ்சால் தேய்ப்பது, கிளிப்பை மூடுவது எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைத்தார்.

சின்ன சிரிஞ்ச், பெரிய தப்பு

ஒன்பதாம் நாள் 10 மில்லி சிரிஞ்ச் தீர்ந்துவிட்டது. மருந்துக்கடை பூட்டியிருந்தது. வீட்டில் 2 மில்லி சிரிஞ்ச் இருந்தது. "சிறிசுதானே, இன்னும் நல்லது" என்று நினைத்து அதில் ப்ளஷ் செய்தார். போகவில்லை. இன்னும் அழுத்தினார். டியூப் வெளிப்பக்கம் கீறிக் கசிந்துவிட்டது.

பார்க்க மென்மையாகத் தெரிந்தாலும் சின்ன சிரிஞ்சில்தான் அழுத்தம் அதிகம். ஆகவே 10 மில்லிக்குக் குறைந்த சிரிஞ்ச் கூடாது. அடைத்துக்கொண்டால் பலம் கொண்டு தள்ளவே கூடாது. இதையும் சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். தூக்கம் இல்லாத ஒன்பது நாளில் அது மறந்துபோயிற்று.

கிளிப்பை மூடி, டாக்சி பிடித்து ஓடினோம். லைனை எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த ஐந்து நாள் மருந்துக்கு மறுபடி காலில் கேனுலா. மதினி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "பழகுகிறவர்களுக்கு வரும் தப்புதான் அம்மா. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று அதே நாகர்கோவில் நர்ஸ் தேற்றினார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. 'எந்த லைன் நல்ல லைன்?' என்று நாம் கேட்கிறோம். 'எந்த லைனை நம் வீட்டால் காக்க முடியும்?' என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஒரே அறை வீடு. இருமல் சத்தம். லோக்கல் ரெயிலில் பிதுங்கும் கூட்டம். அதில் கையில் தொங்கும் டியூபை யாராவது இழுத்துவிட்டால்? மழைக்காலத்தில் கட்டு நனைந்தால்? ஆண்டுக்கு மூன்று தடவை மருந்து என்றால், ஒவ்வொரு தடவையும் புது பிக் லைன் போட்டு மேல்கைக் குழாய்களும் இறுகிவிட்டால்?

உடம்பு தேறி ஆறு வாரம் கழித்து, அந்தப் பெண்ணே முடிவு சொன்னாள்.

"போர்ட் வெச்சிடுங்க அப்பா. எனக்குக் கை வேணும்."

ஆச்சி அதற்குமேல் பேசவில்லை. ஆபரேஷன் நாளில் கோவிலுக்குப் போய்விட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து உட்கார்ந்தவர் அவர்தான்.

ஊர்ப் பயணம்

நம்மைப்போல் பிழைக்க வந்த இடத்தில் வாழ்கிறவர்களுக்குப் போர்ட்டால் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மே மாதம் ஊருக்குப் போனால் ஒரு மாதம் தங்குவோம். ப்ளஷ் தேதி ஊரில் வந்தால் யார் செய்வது?

முதல் ஆண்டு இதை யாரும் நினைக்கவில்லை. ஊருக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் சாதா ஊசியை எடுத்துக்கொண்டு குத்த வந்துவிட்டார்கள். சிறுமியே தடுத்தாள். "இதுக்கு வேற ஊசி வேணும்" என்றாள்.

ரெயில் டிக்கெட்டை 60 நாள் முன்பே எடுக்கிறோம். அதுபோல இதற்கும் முன்னேற்பாடு வேண்டும். இப்போது மதினி பையில் ஹியூபர் ஊசி இரண்டு, டாக்டர் கடிதம், போர்ட்டின் அடையாள அட்டை ஆகியவை எப்போதும் இருக்கின்றன. ஊரில் எந்த ஆஸ்பத்திரியில் போர்ட் பழக்கம் இருக்கிறது என்று முன்பே போன் செய்து கேட்டுக்கொள்கிறார்கள். புற்றுநோய் சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரி என்றால் பெரும்பாலும் தெரிந்திருக்கும்.

கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்த நோய் உள்ள பிள்ளை உங்கள் வீட்டிலோ, தெரிந்தவர் வீட்டிலோ இருந்தால் டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள்.

ஆண்டுக்கு எத்தனை தடவை மருந்து ஏற்ற வேண்டியிருக்கும்? ஒரு தடவை என்றால் மிட்லைனோ பிக் லைனோ போதுமா? அடிக்கடி என்றால் போர்ட் பற்றி எப்போது யோசிப்பது?

எந்தக் கையைச் சேமிக்க வேண்டும்? டோப்ராமைசின் போன்ற மருந்துகள் சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கலாம். ஆகவே ரத்தச் சோதனை தவறக் கூடாது. சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் தேவைப்பட்டால் அதற்கும் கை ரத்தக் குழாய்தான் வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் பிக் லைன் போடுமுன் இதைச் சொல்லிவிடுங்கள்.

குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையும் நோய் இருந்ததா? அதையும் மறைக்காதீர்கள்.

போட்ட லைனை யார் கழுவுவார்கள்? எங்கே? எந்தத் தேதியில்?

ப்ளஷ் செய்த சிறிது நேரத்தில் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வந்தால் காலைவரை காத்திராதீர்கள், கிருமி புகுந்திருக்கலாம். கையோ கழுத்தோ வீங்கினாலும், மூச்சு முட்டினாலும் உடனே ஓடுங்கள். பிக் லைன் உள்ள கையில் ரத்த அழுத்தம் பார்க்க விடாதீர்கள்.

பழுதான மரபணுவின் வேலையையே சரிப்படுத்தும் மாத்திரைகளும் இப்போது வந்திருக்கின்றன. மூன்று மருந்து சேர்ந்த மாத்திரைக்கு 2019-ம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதைச் சாப்பிட்டு, ஊசி மருந்தே தேவைப்படாமல் போர்ட்டை எடுத்துவிட்டவர்களும் அங்கே உண்டு. எல்லா மரபணு மாற்றத்துக்கும் அது பொருந்தாது. விலையும் நம் சம்பளத்துக்கு எட்டாதது. அந்த மாத்திரை நம் பிள்ளைகளுக்கும் எட்டும் காலம் வரவேண்டும். அதுவரை நரம்பைக் காக்க வேண்டியது நாம்தான்.

சிவப்பு மை

போர்ட் வைத்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. இதுவரை நான்கு தடவை மருந்து ஏற்றியிருக்கிறார்கள். நோய் போய்விடவில்லை. இருமலும் இருக்கிறது. ஆனால் இரவு 11 மணிக்குக் கையைத் தட்டித் தட்டி நரம்பு தேடுவது நின்றுவிட்டது.

அண்ணாச்சி வீட்டுச் சுவரில் ரெயில்வே காலண்டர் தொங்குகிறது. நாலு வாரத்துக்கு ஒரு தேதியில் சிவப்பு மையில் வட்டம். போட்டது மதினி. அதை முதலில் கவனித்து, "அப்பா, நாளைக்கு ப்ளஷ்" என்று சொல்வது மகள்.

போன தீபாவளிக்கு முந்தின நாள் அவள் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"சித்தப்பா, பாருங்க" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

மணிக்கட்டுவரை மருதாணி.